விளையாடி முடித்தவரே முறையிடலாம்

ராபர்ட்டா கொசின்ஸ்கி புகார் கொடுக்கும்வரை அந்த வீடியோ கேமை எங்கள் ஊர் நூலகத்தில் ஓர் ஈ காக்கைகூட எடுத்ததில்லை. இதை நானாகச் சொல்லவில்லை. நூலகர் யோலாண்டா சொன்னாள், அதுவும் நான் கேட்காமலே. சரி, ஒருமுறை கேட்டேன். எதிர்வீட்டுக்காரியைப் பற்றிய செய்தியை எதிர்வீட்டுக்காரி கேட்காமல் வேறு யார் கேட்பது?

'கீழ்க்கரை' என்பது அதன் பெயர். செய்தவன் எலியட் ப்ராஸ்கா. இதே தெருவில் வளர்ந்து, பிட்ஸ்பர்க் போய், கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டுக்கொண்டவன். துப்பாக்கி கிடையாது, பூதம் கிடையாது. ஒஹையோ ஆற்றோரம் ஒரு சின்ன ஊர், மூடிக்கிடக்கும் இரும்பாலை, இரண்டு நண்பர்கள். ஒருவனாக நாம் விளையாட வேண்டும். இன்னொருவன் ரஸ். ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பி, இடது பக்கம் சாய்ந்த நடை, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம். பெயரை மாற்றினால் போதுமா? அது ராபர்ட்டாவின் மகன் வெஸ்லிதான் என்று எங்கள் ஊர் நாய்களுக்குக்கூடத் தெரியும். வெஸ்லி போதை மருந்தில் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. கேமிலும் ரஸ் போய்ச் சேருகிறான். எலியட் ராபர்ட்டாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் ராபர்ட்டா மாலில் இருந்த கேம் கடைக்குப் போனாள். கடைக்காரன் கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டான். அதே சூட்டில் நூலகத்துக்கு வந்தாள். அங்கே ஹார்லன் ஃபிட்ச் இருந்தார்.

ஹார்லன் எங்கள் நூலக வாரியத் தலைவர். வீட்டுப் பத்திரம் எழுதியே காலத்தை ஓட்டிய வக்கீல். ஓய்வு பெற்ற பிறகு அரசியல் சட்டத்தின் மேல் திடீர்க் காதல் வந்துவிட்டது. வாரியக் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். ராபர்ட்டா பேசினாள். நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

"கடைக்காரன் எடுத்துட்டான் ஹார்லன். என் வரிப்பணத்துல நடக்கற இடம் இது. உங்களால எடுக்க முடியாதா?"

"அதுதாம்மா விஷயமே. கடைக்காரன் எடுத்தா அது அவன் இஷ்டம். நாங்க எடுத்தா அது அரசாங்கம் வாயை அடைக்கறது. ஒருத்தருக்குப் பிடிக்கலைங்கறதுக்காக அலமாரியில இருந்து எடுக்கச் சட்டம் விடாது."

"பிடிக்கலையா? அவன் என் புள்ளை!"

"புரியுது. ஆனா பிடிக்காதவங்க எடுக்காம இருக்கலாம். எடுக்கறதும் எடுக்காததும் அவங்கவங்க உரிமை."

"என் புள்ளை சாகறதை விடுமுறை நாள்ல பொழுதுபோக்கா பாக்கறதும் உரிமையா?"

ஹார்லன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தப்பிக்க வழி கிடைத்த நிம்மதியோடு, விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

அந்த விதியின் கதை இது. சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டம் எங்கிருந்தோ வந்த மின்னஞ்சலை வைத்துக்கொண்டு, அட்டையைக்கூடத் திறக்காத புத்தகங்களையெல்லாம் நீக்கச் சொல்லி வரிசையில் நின்றது. அப்போது ஹார்லன் சாமர்த்தியமாக ஒரு விதி எழுதினார்: புகார் கொடுப்பவர் அந்தப் படைப்பை முதலிலிருந்து கடைசிவரை தானே முடித்திருக்க வேண்டும். பாதிப் பேர் அன்றோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊரே கைதட்டியது, நானும்தான். நூலகம் புத்தகம் மட்டும் கடன் கொடுப்பதில்லை, கேமும் கேக் அச்சும் மீன் தூண்டிலும் கொடுக்கிறது என்பது அன்று ஒருவருக்கும் நினைவில்லை.

"நீங்க இதை விளையாடி முடிச்சீங்களா, ராபர்ட்டா?"

"வலைல யாரோ விளையாடறதைப் பார்த்தேன். கொஞ்சம்."

"அது கணக்குல வராதே."

யோலாண்டாவுக்கே பொறுக்கவில்லை. "ஹார்லன், அவங்களுக்கு அறுபத்திரண்டு வயசு. மைக்ரோவேவ்ல கடிகாரம் வைக்கவே என்னைக் கூப்பிடுவாங்க."

"விதியை ஆளுக்கு ஏத்தமாதிரி வளைச்சா அது விதியே இல்லை," என்றார் ஹார்லன். இதில் மட்டும் அவர் சொன்னது சரி. அதனால்தான் எல்லோருக்கும் கோபம் வந்தது.

ராபர்ட்டா யோலாண்டாவிடம் போய்க் கையை நீட்டினாள். "அந்த கேம் தட்டைக் கொடு."

கூட்டத்தில் நடந்தது அதற்குள் வலையில் ஏறிவிட்டது. எங்கெங்கோ இருக்கும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ராபர்ட்டா என்றால் யாரென்றே தெரியாது. 'தணிக்கை அம்மா' என்று பெயர் வைத்தார்கள். 'எங்கள் கேமைப் பறிக்க வந்த கிழவி' என்று அவள் முகத்தை வெட்டி ஒட்டிப் படம் போட்டார்கள். ஒருவன் அவளுக்கே எழுதினான், உன் மகன் உன்னிடமிருந்து தப்பித்தான் என்று. அவள் அதை எனக்குக் காட்டினாள். அதிசயமாக, அதை நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நூலகத்தில் அந்த கேமுக்கு ஒரே வாரத்தில் முன்பதிவு வரிசை நீண்டுவிட்டது. தடை செய் என்று யாராவது சொன்னால்தான் எங்கள் ஊர் எதையும் படிக்கும்.

ராபர்ட்டா வீட்டு நிலவறையில் வெஸ்லியின் பழைய கேம் பெட்டியும் டிவியும் அப்படியே இருந்தன. நான் காபிக்கேக் செய்து எடுத்துக்கொண்டு போனேன். கேக் ஒரு சாக்கு என்று அவளுக்கும் தெரியும். கன்ட்ரோலரை அவள் சூடான இரும்புச்சட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். திரையில் அவளுடைய ஆள் சுவரில் மோதி, மோதி, மோதி நின்றான்.

"இந்த மரமண்டை ஏன் திரும்ப மாட்டேங்கறான்?"

"வலது கட்டை விரலை அசை, பெர்ட்டா. அதுதான் கழுத்து."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதது இந்தத் தெருவில என்ன இருக்கு?"

அடுத்த முறை போனபோது அவள் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த முறை ஓடினாள். அவள் கதையை முன்னால் நகர்த்தவில்லை. ரஸ் எங்கே நின்றாலும் பக்கத்தில் போய் நின்று பொத்தானை அழுத்துவாள். அவன் ஏதாவது சொல்வான். சலவைக்கடைக் கூரையில் உட்கார்ந்துகொண்டு, "ஏய், எங்கம்மா பண்ற சூப்ல உப்பே இருக்காது. ஆனா சொல்லிடாத," என்றான். ராபர்ட்டா திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ரத்தக் கொதிப்புன்னு டாக்டர் குறைக்கச் சொன்னாரு," என்றாள். எனக்கல்ல.

அதற்குப் பிறகு சில நாள் அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. நிலவறை ஜன்னலில் மட்டும் நீலமாக வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை பிட்ஸ்பர்க் நம்பர் பலகையோடு ஒரு கார் வந்து நின்றது. எலியட். ஷேவ் செய்யாத முகம். வலையில் அவளைத் திட்டுகிறவர்களை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தானாம். அதற்கு அவனையும் சேர்த்துத் திட்டினார்களாம், கோழை என்று. எனக்கு ஒரு கப் சர்க்கரை தேவைப்பட்டது. உடனே கிளம்பினேன்.

நான் நிலவறைப் படியில் நின்றபோது அவர்கள் என்னைப் பார்த்தார்கள். போ என்று யாரும் சொல்லவில்லை.

திரையில் கடைசிப் பகுதி. அவளுடைய ஆள் ஒரு கார் கொட்டகையில் காருக்கு அடியில் கிடக்கிறான். ஞாயிறு மத்தியானம். தூரத்தில் வானொலியில் கால்பந்து. மேசைமேல் போன் அடிக்கிறது, ரஸ்தான் கூப்பிடுகிறான். அவள் ஆளை உருட்டி வெளியே கொண்டுவந்து, எழுப்பி, ஓட விட்டாள். மேசையை நெருங்கியதும் மணி நின்றுவிட்டது. உடனே அந்தப் பகுதியை முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி ஓடினாள். மறுபடி நின்றது.

"எந்தப் பொத்தான்டா எடுக்கும்?" என்றாள் எலியட்டிடம், கண்ணை எடுக்காமல். "ஒரு வாரமா தேடறேன்."

"பொத்தானே இல்லை, மிஸஸ் கே."

"வேகமாப் போனா?"

"எவ்வளவு வேகமாப் போனாலும் முடியாது. அப்படித்தான் செஞ்சிருக்கேன். இது ஏமாத்து வேலை, காசைத் திருப்பிக் கொடுன்னு எத்தனையோ பேர் சண்டை போட்டாங்க." அவன் கீழே தரையிலேயே உட்கார்ந்தான். "கடைசி நாள் வெஸ் எனக்குத்தான் அடிச்சான். நான் கார் அடியில இருந்தேன். கையெல்லாம் கிரீஸ். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

ராபர்ட்டா கன்ட்ரோலரை மடியில் வைத்தாள்.

"நான் மாத்திடறேன்," என்றான் எலியட். "அதைச் சொல்லத்தான் வந்தேன். புதுசா ஒண்ணு அனுப்பினா எல்லார் பெட்டியிலயும் தானா மாறிடும். அந்தத் தொப்பியை எடுத்துடறேன். இந்தப் பகுதியே வேண்டாம்னா மொத்தமா எடுத்துடறேன். போனை எடுக்கற மாதிரி வெக்கணும்னாலும் வெக்கறேன். நீங்க சொல்லுங்க. கோர்ட்டும் வேண்டாம், வாரியமும் வேண்டாம்."

அவள் கேட்டதும் அதுதானே? அதற்காகத்தானே இவ்வளவு கூத்தும்? அவள் கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "கையை வெச்சே, உதைப்பேன்," என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு நூலகத்தில் நாற்காலி போதவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். எலியட் அவர்களைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்றான். ஹார்லன் டை கட்டி வந்திருந்தார்.

"முடிச்சீங்களா, ராபர்ட்டா?"

"முடிச்சேன்."

"அப்போ உங்க புகாரை வாரியம் எடுத்துக்கும். மூணு நிமிஷம்."

யோலாண்டா சமையல் கடிகாரத்தைத் திருகி மேசைமேல் வைத்தாள். அது டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்தது.

"எடுக்க வேண்டாம்," என்றாள் ராபர்ட்டா. "அலமாரியிலேயே இருக்கட்டும். பின்னால நிக்கற பசங்க கைதட்ட வேண்டாம். உங்களுக்காகச் சொல்லல. உரிமை, சட்டம், அதெல்லாம் ஹார்லன் சொல்வாரு. நான் வேற ஒண்ணு சொல்லணும்.

"அந்த கேம்ல போன் ஒருத்தனுக்கு அடிக்கும். அவனால எடுக்க முடியாது. செஞ்சவன் தன்னைத்தான் அதுல வெச்சிருக்கான். அந்த மணியை வலையில கேட்டதும்தான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. என் புள்ளையைக் காட்டிட்டான்னு ஊர்ல சொன்னேன். அது பொய் இல்லை. ஆனா அதுக்காக மட்டும் நான் வரல. அந்தப் போன் அடிக்கற சத்தம் இந்த ஊர்ல எந்த வீட்லயும் கேக்கக்கூடாதுன்னு வந்தேன்.

"வெஸ் முதல்ல எனக்குத்தான் அடிச்சான்."

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செயின்ட் ஸ்டானிஸ்லாஸ் கோயில் அடித்தளத்தில் விற்பனைக்கு பியரோகி மடித்துக்கொண்டிருந்தோம். மாவைத் தேய்த்து, உருளைக்கிழங்கு வைத்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மூடுகிற வேலை. அவள் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

"கை மாவா இருந்துதுன்னு அப்புறமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கை மாவாத்தான் இருந்துது. துடைச்சிருக்கலாம். போதைக்கு அடிமையான பிள்ளைங்களைப் பெத்தவங்க கூட்டத்துல சொல்லியிருந்தாங்க, பணத்துக்குத்தான் கூப்பிடுவான், எடுக்காதே, அவனா அடிபட்டு எழுந்து வரட்டும்னு. போன்ல அவன் பேர் தெரிஞ்சுது. நான் பார்த்தேன். பார்த்துட்டு போனைக் கவுத்து வெச்சேன். அப்புறம்தான் அவன் எலியட்டுக்கு அடிச்சிருக்கான்.

"ஒரு வாரம் ஓடிப் பார்த்தேன் ஹார்லன். அந்தப் பையன் எடுத்துடுவானோன்னு. எடுக்க முடியாதுன்னு அவன் செஞ்சு வெச்சது சரி. யாராலயும் இப்போ எடுக்க முடியாது. அதை நீங்க அலமாரியில இருந்து எடுத்துட்டா, எடுக்காதவ நான் ஒருத்திதான்னு நான் மட்டும் வீட்ல உக்காந்து—"

கடிகாரம் அடித்தது. அவள் அந்த வார்த்தையிலேயே நிறுத்திவிட்டாள். விதியை அவளும் வளைக்கவில்லை. கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பின்னால் நின்றவர்களில் ஒருத்தி தொப்பியைக் கழற்றினாள். புகார் வாபஸ் என்று ஹார்லன் பதிவு செய்யச் சொன்னார். அடுத்தது வாகன நிறுத்தத்துக்கு விளக்கு போடுவது பற்றி.

வெளியே எலியட் அவளுடைய காருக்குப் பக்கத்தில் காத்திருந்தான். என் கார் அதற்கு அடுத்தது, நான் என்ன செய்ய முடியும்? சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு மட்டும்தான் அடிச்சான்னு நினைச்சிட்டிருந்தேன், மிஸஸ் கே."

"தெரியும்டா."

"நாலு வருஷமா."

"எனக்கும் அதேதான்."

அவன் தரையைப் பார்த்தான். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. "உங்ககிட்ட அப்பவே கேட்டிருக்கணும். இப்போ கேக்கறேன். அதையும் சேர்த்துடட்டுமா? முதல் போனை? மாவு, மேசை... பேர் போட மாட்டேன். இப்போ அந்தக் கதை பாதிதான் இருக்கு."

ராபர்ட்டா அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ கட்டை விரலால் துடைத்துவிட்டாள், மூக்கொழுகும் வயதில் அவனுக்குச் செய்ததுபோல.

"வேண்டாம்," என்றாள்.

"சரி, மிஸஸ் கே."

"உன்னோடது அதுல இருக்கட்டும். எடுக்காதே. என்னோடது என்கிட்டயே இருக்கட்டும்."

அவன் தலையாட்டினான். அவள் காரைக் கிளப்பி, உள்ளிருந்தே எட்டிப் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ஏறு. சூப் இருக்கு."