செம்பு எத்தனை வீதம்?

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமாகத் தோன்றியதல்ல. பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெரிபட்டு நிற்க, பின் சீற்றில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் தவணைப் பரீட்சைக் கேள்வி ஒன்றுக்காகச் சண்டை பிடித்தார்கள். நீல நிறச் செப்பு சல்பேற்றுப் பளிங்கில் செம்பின் திணிவுச் சதவீதம் என்ன? ஒருத்தி இருபத்தைந்தரை என்றாள்.

"அனற் மிஸ் விடை வாசிச்சாங்க தானே, நாப்பது எண்டு? அது மஸாஹிரா டீச்சர் எழுதி அனுப்பின விடை. டீச்சர் பிழை விடுவாங்களா? ஒனக்குத்தான் பிழை" என்றாள் மற்றவள்.

முதல் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்து கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாயை மூடியவளின் விடைதான் சரி! எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுத உட்கார்ந்தேன். இதற்கு மேல் வருவதெல்லாம் என் கற்பனை.

2

தொடக்கம் ஒன்று: "மடவளைப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தபோது…"

(அடித்துவிட்டேன். மடவளை என்றால் பாங்கோடுதான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது?)

தொடக்கம் இரண்டு: அனற் மிஸ் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மஸாஹிராவின் ஊரான மடவளைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபோதே, இறங்காமல் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள்.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

அனற், கட்டுகஸ்தோட்டைக்காரி. மஸாஹிரா படிப்பிக்கும் அதே பாடசாலையில் அவளும் இரசாயனவியல் ஆசிரியை. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் வேறொன்றைக் காட்டத் தெரியாதவள். மஸாஹிரா கணவன் நஸீமைப் பறிகொடுத்து நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தாவில் வீட்டோடு இருக்கிறாள். அவளுடைய வகுப்பை இப்போது அனற்தான் பார்க்கிறாள். "வினாத்தாளயாவது நான் செஞ்சு தாரன் மிஸ், சும்மா இருந்தா பைத்தியம் புடிக்கும்" என்று மஸாஹிரா கேட்டு வாங்கிக்கொண்டாள். வினாத்தாளையும் விடைகளையும் எழுதி அனுப்பினாள். அனற் அந்த விடைகளை யோசிக்காமல் வகுப்பில் வாசித்தாள். திருத்த உட்கார்ந்த பிறகுதான் பிழை கண்ணில் பட்டது.

போன கிழமை தொலைபேசியில் மஸாஹிரா சொல்லியிருந்தாள்: "இத்தா முடிஞ்சாலும் நான் வர மாட்டன் போல ஈக்கு. மண்ட வேல செய்யுதில்ல மிஸ். புள்ளைகள்ற வாழ்க்கையோட வெளயாட ஏலாது."

அப்போது அனற், "சும்மா இருங்க டீச்சர், ஒங்களுக்கு மண்டை வேலை செய்யலைன்னா எங்களுக்கெல்லாம் எங்க செய்யும்?" என்று சிரித்துச் சமாளித்தாள்.

இப்போது பிழையைச் சொன்னால், மஸாஹிரா வகுப்பை விட்டே போய்விடுவாள். சொல்லாவிட்டால், சரியாக எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்புக் கோடு. எழுதுகிற எனக்கே கை ஓடவில்லை, அனற் பாவம் என்ன செய்வாள்?

3

(கணக்குப் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் போகாதீர்கள், சின்னதுதான்.)

ஒரு சேர்வையில் ஒரு மூலகம் எத்தனை வீதம் என்று அறிய, அந்த மூலகத்தின் திணிவை மொத்தத் திணிவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். செம்பு 63.5. செப்பு சல்பேற்று 159.5. வகுத்தால் நாற்பதுக்குக் கிட்ட வரும். மஸாஹிரா போட்டது இதைத்தான்.

ஆனால் நீலப் பளிங்குக்குள் தண்ணீர் இருக்கிறது.* ஒரு பங்கு சல்பேற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர், அதன் திணிவு 90. அதையும் கூட்டினால் மொத்தம் 249.5. செம்பு இருபத்தைந்தரையாக இறங்கிவிடும். தண்ணீர் மட்டும் முப்பத்தாறு வீதம்.

* தொட்டால் ஈரம் தெரியாது. சூடாக்கினால்தான் நீர் போய், நீலமும் போய், வெள்ளைப் பொடியாக மிஞ்சும். மஸாஹிராவும் இப்போது வெள்ளைதான் உடுத்தி… வேண்டாம். கேட்காமலே வந்து நிற்கிற உவமையை நான் நம்புவதில்லை.

4

"வாங்க மிஸ், இரிங்க. வெயிலுக்கு ஏன் இவ்வளவு தூரம்?" மஸாஹிரா கதிரையை இழுத்துப் போட்டாள். மெலிந்திருந்தாள். அனற்றுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொண்டாள். பிறகு விடைத்தாள் கட்டை அவிழ்த்தாள்.

அனற் எப்படிச் சொல்வாள்?

"டீச்சர், ஒரு சின்னப் பிழை…" (சின்னதா? பொய்.)

"பிள்ளைங்க சிலபேர் வேற மாதிரி செஞ்சிருக்காங்க…" (கோழைத்தனம். பழியைப் பிள்ளைகள் தலையில் போடுகிறது.)

"நான்தான் டைப் பண்றப்போ மாத்திட்டேன் போல…" (அன்புதான். ஆனால் மஸாஹிராவிடம் தன் கையெழுத்துப் பிரதி இருக்கிறதே, மக்கு!)

நான் எழுதி எழுதி அடித்ததில் தாள் கிழிந்தது. கடைசியில் அனற் என்னைப் பார்க்காமல், தனக்கு வந்ததைத் தானே கேட்டுவிட்டாள்.

"டீச்சர், தண்ணியச் சேத்தாச்சா?"

மஸாஹிரா தாளைப் பார்த்தாள். உதடு கணக்குப் போட்டது. பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"யா அல்லாஹ்… அவர் கேக்கிய கேள்வி மிஸ் இது."

"யாரு?"

"அவர்தான். துணிக்கடைக்காரருக்குக் கெமிஸ்ட்ரி எங்க தெரியும்? புள்ளைகளுக்கு நான் ஏசியதக் கேட்டுக் கேட்டு இத மட்டும் பாடமாக்கி வெச்சிருந்தார். நான் பேப்பர் செய்ய இருந்தா பிளேன்டீயைக் கொண்டு வந்து வெச்சிட்டு, 'தண்ணியச் சேத்தாச்சா?' எண்டு பகிடியாக் கேப்பார். எனக்குக் கோவம் வரும். இந்த முற கேக்க ஆள் இல்ல."

சத்தியமாக நஸீமின் இந்தக் கேள்வியை நான் திட்டமிடவில்லை. பிழைக்கு ஒரு காரணம் வேண்டும் என்று தூக்கமின்மை, மருந்து மாத்திரை என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அனற்றும் அழுதாள். மஸாஹிரா முன்னமே ஊற்றி வைத்து ஆறிப்போன தேநீரைக் குடித்தார்கள். பிறகு மஸாஹிரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கெல்லாம் வெட்டினீங்க? எடுங்க. அந்தப் புள்ளைகளுக்கு நான்தான் புள்ளி போடோணும்" என்று சிவப்புப் பேனைக்குக் கை நீட்டினாள்.

5

முடிவு ஒன்று: இத்தா முடிந்து மஸாஹிரா வகுப்புக்கு வருகிறாள். கரும்பலகையில் தன் பிழையைத் தானே எழுதித் திருத்துகிறாள். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். (கை தட்டலா? நாடகமா போடுகிறேன்?)

முடிவு இரண்டு: வருவதில்லை. அனற் தனியே பஸ்ஸில்… (இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அனற் கேட்டாள்: "அப்ப, இத்தா முடிஞ்சா வருவீங்கதானே டீச்சர்?"

மஸாஹிரா கதவைப் பிடித்தபடி, "மிஸ், நான்

இதோடு நிறுத்துகிறேன். அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள்தான் கணக்கிட வேண்டும். மஸாஹிராவைப் போடுங்கள். அனற்றைப் போடுங்கள். பஸ்ஸில் வாயை மூடிக்கொண்ட பிள்ளையையும் மறக்காமல் போடுங்கள். கூட்டிப் பார்த்து, விடையை எழுதுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்:

நஸீமைச் சேர்த்தாயிற்றா?