அந்துருண்டை

மருந்துக்கடை அக்காவுக்கு நான் தரவேண்டியது அறுநூற்று எழுபது ரூபாய். அத்தனையும் மூக்குச் சொட்டு மருந்துக்கு. மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கிறவனுக்கு மூக்கடைப்பு புதிதில்லை. ஆனால் எனக்குச் சளி மூக்கின் ஆழத்தில் பசைபோல ஒட்டிக்கொண்டது. சிந்தினால் வராது, தொண்டைக்குள்தான் இறங்கும். வாசனையே தெரியாமல் போயிற்று.

என் மனைவி வெளியூரில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனபோது, போர்த்திக் கழற்றிய சால்வையைத் துவைக்காமல் பெட்டியில் வைத்தாள். "என் நெனப்பு வந்தா மோந்து பாத்துக்க" என்று சிரித்தாள். தினமும் எடுத்து முகத்தில் வைப்பேன். வெறும் துணி.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "சொட்டு மருந்து எத்தன நாளா?"

"அவ போனதுலேருந்து."

"நாலு நாளைக்கு மேல விட்டா அதுவே மூக்க அடைக்கும்பா. போதாததுக்குப் பஞ்சுத் தூசி வேற. அத நிறுத்து. கொதிச்சு ஆறின தண்ணில உப்புப் போட்டு மூக்கக் கழுவு. இந்த ஸ்ப்ரேய அடி. வேலையில மூக்க மூடிக் கட்டு."

சொட்டு மருந்தை விட்டதும் கரையில் போட்ட மீன்போல வாயால் மூச்சு வாங்கினேன். தலையைச் சாய்த்து ஒரு மூக்கில் உப்புத்தண்ணீர் ஊற்றினால், மறு மூக்கில் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக வந்தது. கடையில் கழுவும்போது முதலாளி எட்டிப் பார்த்தார். "மூக்குக்குக் குளியலாய்யா? மொதல்ல நீ குளி."

சில வாரம் கழித்து, ஒருநாள் கடையில் மெத்தை உறை ஒட்டும் பசை நாறியது. எனக்கு நாறியது! வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, பெட்டியைத் திறந்து, சால்வையில் முகம் புதைத்தேன்.

அந்துருண்டை நெடி. வேறொன்றும் இல்லை. பூச்சி அரித்துவிடுமே என்று நானேதான் கைநிறைய உருண்டை போட்டிருந்தேன். அடைத்த மூக்குக்கு அது தெரியவில்லை.

போனில் அவளிடம் சொன்னேன்.

"பூச்சிக்குப் பயந்து பொண்டாட்டியவே வெரட்டிட்டியே."

"நீ எப்ப வர்ற?"

"இவங்க எழுந்து நடக்கட்டும். இப்பப் போத்தியிருக்கறத பஸ்ல குடுத்து விடறேன். இதுலயும் உருண்டை போட்ட, பாத்துக்க."

சம்பளத்தன்று மருந்துக்கடைக்குப் போய் அறுநூற்று எழுபதையும் கொடுத்தேன். அக்கா வழக்கம்போலச் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினாள்.

"வேணாங்க்கா. ஊர்லேருந்து ஒரு பொட்டலம் வருது. மூக்கு தொறந்திருக்கணும்."