கடைசி நாற்பது பக்கங்கள்

டென்மார்க்கின் லெம்வி ஊர்ப் பள்ளியில் டேனிஷ் மொழி ஆசிரியையாக இருந்த விபெக்கே, பதினொரு வருடங்களாக ஒரே நாவலைத்தான் நடத்தி வந்தாள். உள்ளூர்க்காரர் ஹென்னிங் ஓஸ் எழுதியது. மாரன் என்ற மீன்காரியின் கதை. புயலில் அவள் கணவனைக் கடலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் கரையேறிய தன் தம்பியை அவள் வருடக்கணக்காக வெறுக்கிறாள். அது படமாகவும் வந்திருந்தது.

அந்த நாவலின் கடைசி நாற்பது பக்கங்களை விபெக்கே படித்ததே இல்லை. முதல் வருடம் பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடந்தன. படத்தைப் பார்த்து முடிவைத் தெரிந்துகொண்டு வகுப்புக்குப் போனாள். அடுத்த வருடம் படித்துவிடலாம் என்று நினைத்தாள். பிறகு அப்படி நினைப்பதும் நின்றுபோனது.

நாவலையும் படத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னபோது தில்டே என்ற மாணவி எழுதியது மற்றவற்றைவிட நன்றாக இருந்தது. படத்தில் மாரன் துறைமுகத்தில் தம்பியைக் கட்டிக்கொள்கிறாள். நாவலிலோ அவன் வருவதைப் பார்த்ததும் மீன் வாட்டும் புகைக்கூடத்துக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். படம் மன்னிக்கிறது, புத்தகம் மன்னிக்கவில்லை. இதுதான் தில்டேயின் வாதம்.

விபெக்கே ஓரத்தில் எழுதினாள்: "தவறு. நாவலிலும் சந்திக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தை ஒழுங்காகப் படி."

தில்டே மேசைக்கே வந்தாள். "நான் படிச்சேனே. கதவைச் சாத்திக்கிறா."

"அவசரத்துல படிச்சிருப்பே. நான் எத்தனை வருஷமா நடத்துறேன்னு தெரியுமா?"

அந்தப் பெண் தன் இடத்துக்குத் திரும்பினாள். மாற்றி எழுதினாள். வாதம் போனதால் கட்டுரை சப்பென்று ஆகிவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த விபெக்கே தன் வாக்கியங்களை அங்கங்கே சேர்த்து, மெருகேற்றி, நூலகம் நடத்திய போட்டிக்கு அனுப்பினாள். பரிசும் கிடைத்தது.

பரிசளிப்பு நடந்த சனிக்கிழமை மதியம் நூலகத்தில் அறுபது பேர் இருந்தார்கள். தில்டேயின் அப்பா படகுக்குப் போகாமல், இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். முன்வரிசையில் ஹென்னிங் ஓஸ். தில்டே வாசித்தாள். "நாவலிலும் அக்கா தம்பியைக் கட்டிக்கொள்கிறாள்" என்ற இடம் வந்ததும் ஓஸ் கையை உயர்த்தினார்.

"எந்தப் புத்தகத்துலம்மா? நான் எழுதினதுல அவ கதவைத் திறக்கவே மாட்டாளே."

கூட்டம் சிரித்தது. "படத்தைப் பார்த்துட்டு எழுதினா இப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தில்டே விபெக்கேயைப் பார்த்தாள். விபெக்கே கையிலிருந்த காப்பிக் கோப்பையைப் பார்த்தாள்.

"நான்தான் தப்பா படிச்சிருக்கேன் போல" என்றாள் தில்டே. காதெல்லாம் சிவந்துவிட்டது. மீதியை வேகமாக வாசித்துவிட்டு இறங்கினாள். அவள் அப்பா மட்டும் பலமாகக் கைதட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்க விபெக்கேயால் முடியவில்லை.

சைக்கிள் நிறுத்தத்தில் விபெக்கே தில்டேயைப் பிடித்தாள். பூட்டைத் திறந்துகொண்டே தில்டே கேட்டாள்: "முதல்ல நான் எழுதினது சரிதானே?"

"சரிதான்."

"உங்களுக்கு மறந்துபோச்சா?"

தப்பிக்க வழியை அந்தப் பெண்ணே காட்டினாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இல்ல. நான் முடிவு வரைக்கும் படிச்சதே இல்ல."

தில்டே பூட்டைக் கூடையில் போட்டாள். "உள்ள எல்லாரும் சிரிச்சப்போ சொல்லியிருக்கலாம்" என்றாள். "எங்க அப்பா இருந்தாரு." சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்பது பக்கங்களையும் விபெக்கே படித்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நூலகத்துக்கும் ஓஸுக்கும் நடந்ததை எழுதி, தில்டேயின் முதல் கட்டுரையையும் சேர்த்து அனுப்பினாள். தில்டேயின் அப்பாவுக்கு போன் செய்தாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னாள். "அப்போ எங்களுக்கு மட்டும் எதுக்குப் படிக்காம வந்தா திட்டு?" என்று கடைசி வரிசையில் ஒருவன் கேட்டான். தில்டே சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூலகம் முதல் கட்டுரையைச் சுவரில் ஒட்டியது. ஓஸ் தில்டேக்கு இரண்டு வரி எழுதினாராம். என்னவென்று அவள் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து தில்டேயின் அடுத்த கட்டுரை வந்தது. மேலே பென்சிலில் ஒரு குறிப்பு: "எதையும் மாத்த வேண்டாம். மதிப்பெண் மட்டும் போடுங்க."

விபெக்கே இரண்டு முறை படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. பேனாவை அதன் அருகே கொண்டுபோனாள். பிறகு பிழையை அப்படியே விட்டுவிட்டு, கீழே மதிப்பெண்ணை மட்டும் எழுதினாள்.