சாயம் காய இருபது நிமிஷம்

எனக்கு முதுகு வலி என்று வாய் தவறிச் சொன்ன அன்றைக்குத்தான் தெரிந்தது, என்னைத் தவிர ஊரில் மற்ற எல்லாரும் வைத்தியர்கள் என்று.

நான் முடிதிருத்துகிறவன். இருபத்தாறு வருஷமாக அதே கடை, அதே கண்ணாடி, அதே நாற்காலி. இடது பக்கம் இன்னொரு நாற்காலி உண்டு. அங்கே என் மனைவியின் தம்பி வெட்டுகிறான். வந்தவர் கழுத்தில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டதும் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். முன்பெல்லாம் அதிலிருந்து அரசியல் வரும். ஆறு மாதமாக என் முதுகுதான் வருகிறது.

"வலி எந்தப் பக்கம்?" என்று கேட்டார் தபால் இலாகாவில் ஓய்வுபெற்றவர்.

"இடது பக்கம்."

"அப்ப கிட்னி."

"இல்லைங்க, இடது பக்கம் இருக்கிறது மைத்துனன்."

மைத்துனன் சிரிக்கவில்லை. அவனுக்கு வெட்டவும் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. ஒரே ஒரு மாதிரிதான் வெட்டுவான். மாப்பிள்ளை போனாலும் மாமனார் போனாலும் அவன் கையிலிருந்து வெளியே வரும்போது இருவரும் அன்றைக்குத்தான் ஜெயிலிலிருந்து விட்ட மாதிரி இருப்பார்கள்.

விளையாட்டுப் பேச்சு போகட்டும். நாளின் ஐந்தாவது தலை முடிவதற்குள் எனக்கு நிமிர முடியாமல் போனது. ஒருநாள் பிடரியை மழித்துவிட்டு எழ முடியாமல் வாடிக்கையாளர் தலையையே பிடித்து ஊன்றி எழுந்தேன். "ஆகா, இன்னொரு அமுக்கு அமுக்குங்க" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. அவருக்கு மசாஜ். எனக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கையில் இருந்தது கத்தி. இன்றைக்குத் தலையைப் பிடித்தேன், நாளைக்கு எதைப் பிடிப்பேனோ என்று அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"யாராவது ஒருத்தரைப் பிடிச்சுக் காட்டுங்க" என்றாள் மனைவி. "நாலு பேர் பேச்சைக் கேட்டு நாலு பேர்கிட்டயும் காட்டினா, தான் யாரோட முதுகுன்னு அதுக்கே மறந்துபோயிடும்."

சரி என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று பேருமே என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். முதல் ஆள் எலும்பு வைத்தியர். எண்ணெய் போட்டு உருவுகிறவர். அவர் தலையில் பொடுகு. தன் தலைக்கே எண்ணெய் வைக்காதவர் என் முதுகுக்கு எப்படி வைப்பார் என்று அவரை விட்டேன். இரண்டாவது ஆள் அரசு ஆஸ்பத்திரி இளம் டாக்டர். நல்ல பையன், பொறுமையாகப் பேசுவான். ஆனால் முப்பது வயதில் முன்வழுக்கை. சொந்த முடியைக் காப்பாற்ற முடியாதவன் என்று அவனையும் தள்ளினேன்.

மூன்றாவது பெரிய டாக்டர். முதுகெலும்பு நிபுணர். பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களைப் படித்து முடிப்பதற்குள் லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போய்விடும். அவர் அறைக்குள் நுழைந்தபோது எனக்கு எதிரே ஒரு மலை உட்கார்ந்திருந்தது. அறுபது வயதில் அந்த நிமிர்ந்த முதுகு! அந்தக் கருகரு முடி! காக்கா தோற்றுப்போகும். இந்த மனுஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

அந்தக் கறுப்பைப் பூசியது யார்? நான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை, கடை திறப்பதற்கு முன்னால், என் கையால், என் பிரஷ்ஷால். கடைக்காரன் தன் சரக்கைத் தானே வாங்கி ஏமாந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் ஏமாந்தேன்.

அவர் என் முதுகின் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்து ஐந்து நொடி பார்த்தார். "ஆபரேஷன்" என்றார். "ரெண்டு தட்டு, நாலு திருகு. வர்ற வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம். மூணு மாசம் குனியக் கூடாது, நிக்கக் கூடாது."

குனியாமல் நிற்காமல் செய்யும் முடிதிருத்தும் தொழில் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடி மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். மூன்று மாதம் எனக்காகக் காத்திருக்காது. ஒரு தலை வேறு கைக்குப் பழகிவிட்டால் திரும்பி வராது. நான் திரும்பி வரும்போது எனக்கு மிஞ்சுவது என் தலை மட்டும்தான்.

"கவலைப்படாதீங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றான் மைத்துனன். கவலையே அதுதான்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் புதன்கிழமை வந்தது. சாயம் பூசும் நாள். வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். பெரிய டாக்டர் சாயம் பூசுவது ஊருக்குத் தெரியக் கூடாது, குனிந்து உள்ளே நுழைவார். அன்று வெளியே இரண்டு பளபள பூட்ஸ் வந்து நின்றன. நின்றுகொண்டே இருந்தன. பிறகு ஒரு கை தரையில் ஊன்றியது. "ஐயோ அம்மா" என்று ஒரு முனகல். தவழ்ந்து வராத குறையாக உள்ளே வந்து நிமிர்ந்தார் நிபுணர். சட்டை மேலே ஏறியிருந்தது. உள்ளே இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட்.

அந்த நிமிர்ந்த முதுகை அதுதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

நான் எதுவும் பார்க்காத மாதிரி சாயத்தைக் குழைத்தேன். தலை முழுக்கப் பூசி முடித்தேன். சாயம் காய இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் எப்பேர்ப்பட்ட ஆளாலும் எழுந்து தெருவுக்கு ஓட முடியாது.

"டாக்டர், உங்களுக்கு எத்தனை வருஷமா?"

"என்னது?"

"முதுகு வலி."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நெற்றி ஓரத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு வழிந்தது. நான் துடைக்கவில்லை.

"எட்டு வருஷம்" என்றார் கடைசியில்.

"எத்தனை திருகு போட்டிருக்காங்க?"

"எனக்கா? எனக்கெல்லாம் முடியாதுப்பா. மூணு மாசம் படுத்துட்டா என் பேஷன்ட் எல்லாம் வேற ஆள்கிட்டப் போயிடுவாங்க. வேலைக்குப் போற மனுஷன் நான்."

"நானும் ஏதோ பொழுது போகாமத்தான் கடையைத் திறந்து வெச்சிருக்கேன், டாக்டர்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினாலு நிமிஷம் இருந்தது.

"ஜெராக்ஸ் கடைக்கு மேல, மாடியில ஒரு அம்மா இருக்காங்க" என்றார் சின்னக் குரலில். "பிசியோதெரபி. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

அன்று மத்தியானமே போனேன். செங்குத்தான படி, பதினெட்டு. மேலே ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, சுழலும் ஸ்டூலில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முகத்தில் என்னைவிடக் களைப்பு. படத்தைப் பார்த்தாள், காலைத் தூக்கச் சொன்னாள், பாதத்தைச் சுரண்டித் தெரிகிறதா என்றாள். பிறகு கேட்டாள், "என்ன வேலை?"

சொன்னேன்.

"சரி, இவருக்கு வெட்டுங்க" என்று எலும்புக்கூட்டைக் காட்டினாள்.

"தலையில ஒண்ணுமே இல்லையே."

"உங்ககிட்ட வர்றவங்க எல்லாருக்கும் இருக்கா? வெட்டுங்க. எப்பவும் வெட்டற மாதிரி, முழுசா."

வெறுங்கையால் காற்றை வெட்டத் தொடங்கினேன். பிடரி, வலது காது, இடது காது, உச்சி. அவள் நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"அப்படியே நில்லுங்க. கண்ணாடியைப் பாருங்க."

பார்த்தேன். ஸ்டூல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எலும்புக்கூடு நேராக உட்கார்ந்திருந்தது. நான்தான் கேள்விக்குறி மாதிரி வளைந்து, அதன் தோள்பட்டையில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு ஒரு சாண் கீழே.

"தொடங்கும்போது உங்க கை சரியா தலையிலதான் இருந்துச்சு" என்றாள். "வர்றவங்க போகப் போகக் குட்டையாயிடறாங்களா?"

கடைக்குத் திரும்பி மைத்துனனை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவன் உச்சந்தலைக்கு நேராகக் கண்ணாடியில் சோப்பால் ஒரு கோடு போட்டேன். இருபது நிமிஷம் கழித்து மறுபடி ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே சாண் அகலம்.

"அது எறங்கும் மாமா" என்றான் சாவகாசமாக. "நாலஞ்சு வருஷமா எறங்கிட்டுத்தான் இருக்கு."

"ஏண்டா சொல்லலை?"

"நீங்களும் கூடவே எறங்கினீங்க. தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நெனச்சேன்."

நாற்காலியை ஏற்றி இறக்கும் பம்ப் கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தலைக்கும் அது ஒரு சாண் இறங்க, நானும் மரியாதையாக அதன் பின்னாலேயே இறங்கியிருக்கிறேன். லாரி ஜாக்கி ரிப்பேர் செய்கிறவர் வந்தார். பம்பைக் கழற்றி, மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார். தேய்ந்து நூலாகியிருந்தது. புதிது போட்டார். என் முதுகுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் அறிவுரை சொல்லாமல் போன ஒரே ஆள் அவர்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"தேதியைத் தள்ளிப் போடணுமா சார்?" என்றது ஒரு இனிமையான குரல்.

"ஆமாம்மா. எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம்."

வலி மாயமாய் மறைந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த அம்மாவே சொல்லிவிட்டாள்: "பாதி போகும். மீதியோட குடித்தனம் நடத்தணும். தினமும் ரெண்டு வேளை சொன்ன பயிற்சியைச் செய்ங்க. நடுவுல சுவத்துல சாஞ்சு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. கால் மரத்துப்போச்சுன்னா மட்டும் என்கிட்ட வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க." சொன்னபடி செய்கிறேன். நான் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, வீட்டில் சண்டையா என்று கேட்கிறார் தபால் இலாகாக்காரர். ஆனால் பத்தாவது தலை வரைக்கும் நிற்கிறேன். யார் தலையையும் பிடித்து எழுவதில்லை.

மூன்று வாரம் கழித்து அடுத்த சாய நாள். பளபள பூட்ஸ் வந்து நின்றதும் எனக்கே பாவமாக இருந்தது. ஷட்டரை மார்பு உயரத்துக்குத் தூக்கினேன்.

"தூக்காதே, தூக்காதே!" என்றது வெளியிலிருந்து பதறிய குரல். "யாராவது பாத்துடப் போறாங்க!"

"குனிஞ்சா வலிக்குமே, டாக்டர்."

"பரவாயில்லை, இறக்கு!"

இறக்கினேன். ஒரு கை தரையில் ஊன்றியது. பெருமூச்சும் முனகலுமாகப் பெரிய டாக்டர் உள்ளே வரத் தொடங்கினார். நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று காத்திருந்தேன். வந்துசேர நேரமாகும் போலிருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.