பிழை ஐந்நூறு

சிறையில் இருப்பவர்களோடு குடும்பத்தார் வீடியோவில் பேச நேரம் பதிவுசெய்யும் மென்பொருள் அது. அமெரிக்காவின் டுலூத் நகரில் அதைப் பராமரிப்பவர்கள் இரண்டே பேர், ரெனாட்டாவும் லைலும். ஏழு மாதமாக வியாழக்கிழமைதோறும், பதிவு திறந்த கையோடு டோரீன் ஹவ்லிக் என்ற அம்மாள் போன் செய்துவிடுவாள். மகன் டெரிக்கைப் பார்க்க அவள் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் திரையில் ஒரே பதில்தான்: "பிழை 500. பிறகு முயலவும்."

"உன் சிநேகிதி லைன்ல இருக்கா," என்பான் லைல். "பிறகு முயலவும்னு போட்டா அதை மதிச்சு நடக்கிற ஒரே ஆள்."

ரெனாட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஐந்நூறு அவளுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டிருந்தது. துருவிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. சிறையின் சர்வர் எதற்கெடுத்தாலும் 500 என்றுதான் சொல்லும். ஆனால் காரணத்தை அதற்குக் கீழே ஒழுங்காக எழுதித்தான் அனுப்பிவந்தது. இவர்களுடைய நிரல்தான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டது. அதை எழுதிய மகராசன் வேலையை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாகிறது.

பதினோரு வரி எழுதி, காரணம் அப்படியே திரையில் வரும்படி மாற்றினாள். பொய்ப் பெயர்களை வைத்துச் சோதித்தாள், கச்சிதமாக வந்தது. டோரீனின் பெயரையும் ஒரு தரம் போட்டுப் பார்த்திருக்கலாம். அடையாள அட்டை காலாவதி ஆகியிருக்கும், வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டாள். அந்த அம்மாளே முதலில் பார்க்கட்டும் என்ற ஆசை வேறு.

அந்த வியாழக்கிழமை ரெனாட்டாவே அவளுக்குப் போன் செய்தாள்.

"டோரீன், இப்ப அழுத்துங்க. என்ன கோளாறுன்னு அதுவே சொல்லும். அப்புறம் சரிபண்ணிடலாம்."

"நீ நல்லா இருப்ப கண்ணு. இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன்." பிறகு வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "கைதியின் வேண்டுகோளின்படி... இந்தப் பார்வையாளர் நீக்கப்பட்டார். மார்ச் நாலு."

ரெனாட்டா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்த அம்மாளின் முதல் அழைப்பு வந்ததும் மார்ச்சில்தான்.

"இந்தப் பார்வையாளர்னா நான்தானே?"

"ஆமா."

"தப்பா வந்திருக்குமோ? இத்தனை நாளா தப்பாத்தானே வந்துச்சு."

"இல்ல டோரீன். இது சரியாத்தான் வந்திருக்கு. மன்னிச்சிடுங்க."

டோரீன் வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வாராவாரம் அவனுக்குக் கடுதாசி போட்டேன்," என்றாள் டோரீன். "மிஷின் கெட்டுக்கிடக்கு, அம்மா உன்ன மறக்கல, சரியானதும் வந்துடறேன்னு. அவன் அதையெல்லாம் படிச்சிருப்பான், இல்ல?" கொஞ்சம் பொறுத்து, "கண்ணு, இத பழையபடியே மாத்திட முடியுமா?" என்று கேட்டாள்.

ரெனாட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. சத்தம் வராமல் இருக்கப் போனைப் பொத்தினாள். அப்படியும் அந்த அம்மாளுக்குக் கேட்டுவிட்டது.

"சரி, சரி, அழாத," என்றாள் டோரீன். "நீ உன் வேலைய நல்லாத்தான் பண்ணியிருக்க."