ஒன்றரை விநாடி மௌனம்

இசைக்குழுவில் வயலின் வாசிப்பவர்கள் இரண்டு பேருக்கு, இசைத்தாள் வைக்க, ஒரு ஸ்டாண்டுதான். சபையோரின் பக்கம் மூத்தவர் உட்காருவார். உள்பக்கம் உட்காருபவர் தாளைத் திருப்ப வேண்டும். மூன்றாவது ஸ்டாண்டில் ஒரு நாத்தனாரும் அவளுடைய தம்பி பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். குழுவில் அவர்களுக்குப் பெரியவில், சின்னவில் என்று பட்டப்பெயர். ஒரே உறையில் இரண்டு கத்தி என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். சின்னவில்லைத் தம்பிக்குப் பெண் பார்த்ததே பெரியவில்தான். "என் தம்பிக்கு இவதான்" என்று ஒற்றைக்காலில் நின்றவள். கல்யாணமான பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக் கூடத்தில் இருவரும் உட்கார்ந்து சேர்ந்து வாசித்துப் பழகுவார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. மூன்று வாரம் வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போக வேண்டும் என்று சின்னவில் கணவனிடம் சொன்னாள். அவன் எழுந்து வந்தான், அவள் கையிலிருந்த வில்லை வாங்கினான், முழங்காலில் வைத்து ஒடித்தான். அவளுடைய மணிக்கட்டுக்கு அந்த வில்லின் எடை பத்து வருடப் பழக்கம். வில்லில் கட்டியிருந்த குதிரைமுடியில் அது இரண்டு துண்டாகத் தொங்கியது. பெரியவில் மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

சின்னவில் அன்றைக்கே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இரு குடும்பமும் கூடிப் பேசியபோது பெரியவில் சொன்னாள்: "அவ கால் தடுக்கி ஸ்டூல் மேல விழுந்தா. வில்லு ஒடிஞ்சுது. நான் கண்ணால பாத்தேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். விவாகரத்து வழக்கு பதினான்கு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. கணவன் பக்கத்து முதல் சாட்சி பெரியவில்தான்.

இடம் மாற்றிக் கொடுக்கும்படி சின்னவில் இசை நடத்துநரிடம் கேட்டாள். பேருந்து கண்டக்டரும் கண்டக்டர், இவரும் கண்டக்டர் என்பதால் குழுவினர் அவரை "டிக்கெட்" என்றார்கள்.

"இருபத்தஞ்சாவது வருஷ விழா முடியட்டும்மா. அதுவரைக்கும் ஒரு நாற்காலியையும் நகத்த மாட்டேன்" என்றார் டிக்கெட்.

விழாவுக்கு அவர் தேர்ந்தெடுத்தது அந்தப் பெரிய சிம்பொனி. இருநூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது. அதன் முதல் வரியைக் கேட்காத காது உலகத்தில் இல்லை. பற்பசை விளம்பரத்தில் வருகிறது, மின்தூக்கியில் வருகிறது, வங்கிக்குப் போன் செய்து காத்திருந்தால் வருகிறது. இவ்வளவு தேய்த்தும் அது தேயவில்லை. கடைசிப் பகுதியில் எழுபது பேரும் உச்சத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் நின்றுவிடும். ஒன்றரை விநாடி முழு மௌனம். பிறகு எல்லோரும் சேர்ந்து இடிபோல இறங்குவார்கள். இசை தெரியாதவர்கள்கூட அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒத்திகை ஒரு பழைய கிடங்கில் நடந்தது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, கீறாமல் இருக்க நாற்காலிக் கால்களில் பழைய துணி. மூன்று மணி நேரம் முழங்கை உரச உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு மட்டும் பென்சிலோடுதான். பெரியவில் தாளில் ஒரு குறி போடுவாள், வில்லை மேலே தள்ள வேண்டும் என்று. சின்னவில் அதை அழித்துவிட்டுக் கீழே இழுக்கும் குறியைப் போடுவாள். இடைவேளைக்குள் அந்த இடத்தில் தாள் கிழிந்துபோகும். தாள்களைப் பராமரிக்கும் நூலகர் ஒட்டுக் காகிதத்தோடு வந்து, "ரெண்டு பேரும் சண்டைய வேற தாள்ல போடுங்கம்மா" என்று கெஞ்சுவார்.

விழாவுக்கு நான்கு நாள் இருந்தபோது நூலகர் கை நழுவி, பத்துப் பன்னிரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் அவர்களுக்குப் பின்னால் சடசடவென்று சரிந்தன. கிடங்கே அதிர்ந்தது. எழுபது பேரும் துள்ளி எழுந்தார்கள். பெரியவில் மட்டும் அசையவில்லை. பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் அவளும் திரும்பினாள்.

சின்னவில் அன்றைக்கு முழுக்க அவளைக் கவனித்தாள். பெரியவில்லின் கண் தாளிலும் இல்லை, டிக்கெட்டின் கையிலும் இல்லை. அவருடைய கையை நம்பினால் ஊர் போய்ச் சேர முடியாது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவள் கண் ஓரமாகச் சின்னவில்லின் வில்மேல் இருந்தது. விரல்கள் முப்பது வருடப் பழக்கத்தில் தாமாக ஓடின. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் பக்கத்து வில்லைப் பார்த்துச் செய்தாள்.

அவளுக்குக் காது போய்விட்டது.

யாரிடமும் சொல்லாமல், யாரை அழிக்க நினைத்தாளோ அவளையே பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். இதை நினைத்தபோது சின்னவில்லுக்கு இரக்கம் வரவில்லை. சிரிப்பு வந்தது. நான்கு நாளும் அந்தச் சிரிப்பை வாயில் மிட்டாய் போல ஒதுக்கி வைத்திருந்தாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அரங்கு நிறைந்துவிட்டது; சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். முதல் மூன்று பகுதிகளும் குழு இதுவரை வாசித்ததிலேயே நன்றாக வந்தன. சின்னவில் ஒரு தாளையும் தாமதமாகத் திருப்பவில்லை. கடைசிப் பகுதி ஏறி ஏறி உச்சத்துக்குப் போனது. நின்றது.

மௌனம்.

சின்னவில் முழங்கையை உயர்த்தி வில்லை வேகமாகக் கீழே கொண்டுவந்தாள். தந்திக்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்தினாள்.

பெரியவில் முழு பலத்தோடு இழுத்தாள்.

அந்த அரங்கில் அந்த ஒற்றை ஸ்வரம் தனியாக ஒலித்தது. சுத்தமான ஸ்வரம், துளி பிசகில்லை; இடம்தான் தப்பு. சபையில் மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அடுத்த கணம் மொத்தக் குழுவும் இறங்கியது.

சின்னவில்லுக்கு நெஞ்சு இனித்தது. தாளில் ஒரு பக்கம் முடியும்வரை இனித்தது. பிறகு ஓரக்கண்ணால் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தான் தனியாக வாசித்தது அவளுக்குத் தெரியவே இல்லை. கண் பாதி மூடி, கன்னம் வயலினில் பதிந்து, நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து வணங்கும்போதுதான், சக வயலின்காரர்கள் பார்த்த பார்வையில், ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு டிக்கெட் இருவரையும் கூப்பிட்டார். நூலகரும் தாள்கட்டோடு ஓரமாக நின்றார்.

"இருபத்தஞ்சு வருஷம்! ஊரே வாயைப் பிளந்துகிட்டு இருக்கிற இடத்துல இப்படி மூக்கை அறுத்துட்டீங்களே மேடம்!" என்று டிக்கெட் கத்தினார். மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளை குதித்தது.

பெரியவில் அவர் உதட்டையே பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "தப்பு என்னுது இல்ல சார். இவ வேணும்னே வில்லை ஏமாத்திக் காட்டினா."

"இவங்க எதுக்கு அப்படிப் பண்ணணும்?"

"காரணம் இருக்கு. என் தம்பி இவ வில்லை முழங்கால்ல வச்சு ஒடிச்சான். நான் எதிர்ல உக்காந்து பாத்துகிட்டு இருந்தேன். இவதான் விழுந்து ஒடிச்சான்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். அந்தப் பழியைத்தான் இன்னிக்குத் தீத்துகிட்டா."

பதினான்கு மாதமாகச் சின்னவில் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது அவள் காலடியில் வந்து விழுந்தது. ஆனால் அது மன்னிப்பில்லை என்பதும் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பொய்க்காரி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, செவிடு என்று தெரியக்கூடாது. அதற்காகத்தான் அந்த உண்மை வெளியே வந்தது.

"ஆமா, வேணும்னேதான் செஞ்சேன்" என்றாள் சின்னவில். "ஆனா நான் வில்லைக் காட்டினா இவங்க ஏன் சார் வாசிக்கணும்? மத்த யாராவது வாசிச்சாங்களா? இவங்களுக்குக் காது கேக்கலை. நீங்க கத்தினதுகூட இவங்களுக்குக் கேட்டிருக்காது."

பெரியவில் இப்போது அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயை மூடுடி!" என்றாள். தேவைக்கு மேல் உரக்க வந்தது.

டிக்கெட் எழுந்து ஜன்னலைச் சாத்துவதுபோல நடந்து பெரியவில்லின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். சாதாரணக் குரலில், "மேடம், உங்க வயலினை யாரோ தூக்கிட்டுப் போறாங்க" என்றார்.

பெரியவில் சின்னவில்லையே முறைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அவர் இன்னொரு முறை சொன்னார். நூலகர் தலை குனிந்துகொண்டார். சின்னவில்லுக்கு முகம் காந்தியது. "போதும் சார்" என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. எதிரே இருந்த முகங்கள் மாறுவதைக் கண்டுதான் பெரியவில்லுக்குத் தன் பின்னால் என்ன நடக்கிறது என்று பிடிபட்டது. அவள் மெதுவாகத் திரும்பி டிக்கெட்டைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து, வில்லின் முடியைத் தளர்த்தி, வயலினைத் துடைத்து, மூடி, தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அவள் திரும்ப வரவில்லை. ஒரு மாதத்தில் குழு அவளுக்கு ஓய்வு கொடுத்துக் கடிதம் அனுப்பியது. சின்னவில்லையும் டிக்கெட் விட்டுவைக்கவில்லை. "மேடைய உங்க வீட்டுச் சண்டைக்குக் களமாக்கிட்டியேம்மா" என்று சொல்லி, இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி ஸ்டாண்டுக்கு அனுப்பினார். அங்கே உட்கார்ந்தால் தூணுக்குப் பின்னால் ஆள் இருப்பதே சபையோருக்குத் தெரியாது. குழுவில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். செவிடியைத் தள்ளிவிட்டவள் என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்.

சின்னவில் ஒரு காகிதத்தில் இரண்டே வரி எழுதி நூலகரிடம் கொடுத்தனுப்பினாள்: "அந்த அறையில் நீங்கள் சொன்னதைக் கோர்ட்டுக்கும் எழுதிக் கொடுங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கமாட்டேன்."

பதினோரு நாள் கழித்து நூலகர் ஓர் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே கையெழுத்திட்ட வாக்குமூலம். அட்சரம் பிசகாமல் நடந்தது நடந்தபடி இருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இது உனக்காக இல்லை. நாளைக்கு அவன் இன்னொருத்தியைக் கட்டிக்குவான், அவளுக்காக."

வழக்கு மூன்று மாதத்தில் அவளுக்குச் சாதகமாக முடிந்தது. தம்பி அக்காவின் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டாள். துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட நினைத்து, போடாமல், எந்தப் புத்தகத்திலோ சொருகி, அது எந்தப் புத்தகம் என்பதை மறந்தும்போனாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை, மருந்துக்கடை வரிசையில் பெரியவில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தாள். காதுக்குப் பின்னால் பழுப்பு நிறக் கருவி. மருந்துச் சீட்டை நீட்டும்போது தற்செயலாகத் திரும்பியவள் சின்னவில்லைக் கண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க உக்காத்தி வச்சிருக்காங்க உன்ன?" என்று பெரியவில் கேட்டாள்.

"கடைசியில."

"நல்லா வேணும்" என்றாள் பெரியவில். மருந்தை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறைக்குக் காத்திராமல், படியிறங்கிப் போனாள்.