கீழ்ச் சுரம் பேசாத சாக்ஸபோன்

டிஜே வண்டிக்குப் பின்னால் ஜெனிபர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டே நடந்தாள். ஆளுயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்களின் இரைச்சலில் அவள் வாசிப்பது அவளுக்கே கேட்கவில்லை. மற்ற நாட்களில் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. முகூர்த்த நாளென்றால் கருத்தக்கண்ணனின் பேண்டு செட்.

"மண்டபத்து மேனேஜர் இன்னைக்கு கூடவே வாராக. நம்ம எடுபடலைன்னா இனிமே வண்டி மட்டும் போதுமாம்" என்று ட்ரம்மைத் தோளில் மாட்டும்போதே கருத்தக்கண்ணன் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை ஊர்வலம் தெரு திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. குறுக்கே மின்கம்பிகள் தாழத் தொங்கின. மேலே இருக்கும் ஸ்பீக்கர்களை இறக்காமல் வண்டி நகராது. டிரைவர் ஜெனரேட்டரை அணைத்தான். கூட்டம் மொத்தமும் பேண்டு செட்டைத் திரும்பிப் பார்த்தது.

ஜெனிபர் மூச்சை இழுத்து ஊதினாள். மேலிருந்து இறங்கிய பாட்டு பாதியில் வெறும் காற்றாய்ப் போனது. குனிந்து பார்த்தாள். சாக்ஸபோனின் துளையை அடைக்கும் மூடி ஒன்றில் ஒட்டியிருந்த தோல் வட்டைக் காணோம்; துளை வழியே காற்று கசிந்தது. வந்த வழியில் எங்கோ விழுந்திருக்கிறது.

"அண்ணே, கீழ்ச் சுரம் ஒண்ணும் பேசாது."

"மேல?"

"அஞ்சாறு இருக்கு."

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கருத்தக்கண்ணன் நெற்றி வியர்வையை வழித்தார். "இருக்கிறத வச்சு ஏதாச்சும் பாட்டு வாசி தாயி."

"பாட்டு வேணாம்ண்ணே. நான் எங்கன நிறுத்துறனோ அங்கன நீங்க அடிங்க."

"என்ன தாளம்?"

"தெரியல. வாங்க, பாப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். யாரும் கேட்டிராத மெட்டு மேலேயே சுற்றிச் சுற்றி வந்து, சுரம் தீர்ந்துபோகிற விளிம்பில் நின்றது. அந்த இடத்தில் ட்ரம் அடி விழுந்தது. முதல் இரண்டு தடவை கருத்தக்கண்ணன் பிந்தினார். அவர் வரும்வரை அவள் மூச்சைப் பிடித்து நீட்டினாள். மூன்றாம் தடவை சரியான இடத்தில் அடித்தார். அடுத்த தடவை கூட்டமே கை தட்டியது. அதன்பின் அவளுக்குப் பயம் இல்லை. வேண்டுமென்றே முன்னதாக நிறுத்தி அவரை ஏமாற்றினாள். அவர் சிரித்துக்கொண்டே எட்டிப் பிடித்தார். மாப்பிள்ளையின் அத்தை பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்து ஆடினாள். மாப்பிள்ளையும் காரை விட்டு இறங்கினான்.

வண்டி தயாராகி டிரைவர் கை காட்டியபோது அத்தை ஆட்டத்தை நிறுத்தவில்லை. "அது கெடக்கட்டும். நீ வாசி ஆத்தா."

மண்டப வாசல்வரை பேண்டு செட்டுதான் ஊர்வலத்தைக் கூட்டிப் போனது. வீங்கிய உதட்டோடு ஜெனிபர் சாக்ஸபோனை இறக்கினாள். மேனேஜர் கருத்தக்கண்ணனின் தோளைத் தட்டி, "ஆவணிக் கல்யாணத்துக்கும் நீங்களே வந்துருங்க" என்றார்.

மறுநாள் ஏலக்காயைப் பரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுசுயா போனை நீட்டினாள். "யக்கா, இன்ஸ்டாவுல நீ வந்துருக்க."

ஜெனிபர் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். அத்தை ஆடினாள். கூட்டம் கை தட்டியது. ஜெனிபரின் கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் பறந்தன. கேட்டது மட்டும் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு. அவள் முகத்துக்குக் குறுக்கே டிஜே வண்டிக்காரனின் பெயரும் போன் நம்பரும் மினுக்கி மினுக்கி ஓடின.